சின்னப் பிளேயருக்கு எந்த ஹெட்போன்? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேடியோ, போன், சின்ன எம்பி3 பிளேயர் திருத்துவது என் தொழில். மட்டக்களப்பு நகரத்தில் இருக்கிறேன். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனையில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். பிளேயரைத் திருத்திக் கையில் கொடுத்தவுடன் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுக்கு நல்ல ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒண்டு சொல்லுங்களன்." கேட்பவர்கள் காசை எண்ணிச் செலவழிப்பவர்கள். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகள், இரவுக் காவலுக்குப் போகிறவர்கள், வீட்டில் தைக்கிறவர்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். கடை விலைகள் டொலரோடு சேர்ந்து மாறுவதால் அவற்றை அதிகம் எழுதவில்லை.

அண்ணா, ஹேண்ட்ஸ்ஃப்ரீ, இயர்போன், ஹெட்போன் எண்டு ஒவ்வொருத்தர் ஒவ்வொண்டு சொல்றாங்க. எல்லாம் ஒண்டுதானே?

வேலை ஒன்று, வடிவம் வேறு. காதின் வாயில் தொங்கும், இறப்பர் இல்லாத தட்டை வகை ஒன்று. இறப்பர் முனையோடு காதுத் துவாரத்துக்குள் போகும் வகை இன்னொன்று. மூன்றாவது, காதுமடலின் மேல் அமரும் சின்ன ஹெட்போன். நாலாவது, காதை முழுவதும் மூடும் பெரிய ஹெட்போன்.

குறைந்த காசுக்கு அதிகத் தரம் தருவது இறப்பர் முனை வகைதான். காதுத் துவாரம் அடைபட்டால் உள்ளே இருக்கும் காற்று மிகக் கொஞ்சம். அதை அசைக்கச் சின்ன ஒலித்தகடும் (அதிர்ந்து சத்தம் தரும் பகுதி, பெட்டியில் "டிரைவர்" என்று இருக்கும்) சின்னப் பிளேயரின் சக்தியும் தாராளமாகப் போதும். பெரிய ஹெட்போனில் அதே தரத்துக்கு நல்ல மெத்தை, நல்ல சட்டகம், பெரிய ஒலித்தகடு எல்லாம் வேண்டும். காசு அங்கேதான் போகும். மலிவான பெரிய ஹெட்போன் பார்வைக்குத்தான் பெரிதாக இருக்கும்.

என்ட பிளேயரோட ஒரு இயர்போன் வந்தது. அதே போதாதா? ஏன் இன்னொண்டு?

கேட்கும்போது சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டி இருக்கிறதா? பாடுபவரின் சொற்கள் கலங்குகின்றனவா? அரை மணித்தியாலத்தில் காது நோகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம்.

மலிவான பிளேயர்களோடு பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் தட்டை வகை, மெல்லிய வயரோடு. அதை மாற்றினால் கேட்கும் வித்தியாசம், பிளேயரையே மாற்றினால்கூடக் கிடைக்காது. கையில் உள்ள காசில் ஒன்றைத்தான் மாற்றலாம் என்றால் இயர்போனை மாற்றுங்கள்.

2,500 ரூபாதான் இருக்கு காக்கா. அதுக்கு என்ன பார்த்து வாங்கிற?

வயர் உள்ள, இறப்பர் முனை வகை. ஒலித்தகடு ஒரு பக்கத்துக்கு ஒன்று இருந்தால் போதும். "நாலு டிரைவர், எட்டு டிரைவர்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். நன்றாகச் சீர்செய்த ஒன்று, சீர்செய்யாத நாலை விட நன்றாகப் பாடும். மூன்று அளவு இறப்பர் பெட்டிக்குள் இருக்கவேண்டும். வயரும் பின்னும் (பிளேயரில் செருகும் முனை) சேரும் இடத்தில் வளையக்கூடிய இறப்பர் கழுத்து இருக்கவேண்டும். மைக் தேவையில்லை என்றால் மைக் இல்லாததை எடுங்கள், பழுதாக ஒரு இடம் குறையும்.

இன்னும் கொஞ்சம் போட முடிந்தால் வயர் கழற்றி மாட்டக்கூடியதைப் பாருங்கள். கே.இஸட் போன்ற சீன நிறுவனங்கள் இந்த வகையை மலிவாகச் செய்து இந்தச் சந்தையையே மாற்றின. மூன்ட்ரொப் நிறுவனத்தின் சூ இரண்டு என்ற மொடல் வெளிநாட்டில் 20 டொலருக்கு உட்பட்ட விலையில் வந்தது. அதிலும் வயர் கழரும். வயர் கழருவதற்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்பது ஒரு பக்கம் செத்துப்போவதைப் பற்றிய கேள்வியில் வருகிறது.

பெட்டியில 20 ஹேர்ட்ஸ் - 20,000 ஹேர்ட்ஸ் எண்டு போட்டிருக்கு. மற்றதில 10 - 40,000 எண்டு கிடக்கு. கூட உள்ளது நல்லதுதானே?

இல்லை. ஹேர்ட்ஸ் என்பது ஒலி நொடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பது; எண் சின்னது என்றால் தாழ்ந்த ஒலி, பெரிது என்றால் உச்ச ஒலி. மனிதக் காது கேட்கும் எல்லையே சுமார் 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரைதான். வயது போகப் போக மேல் எல்லை இறங்கிவரும். பெட்டியில் உள்ள அந்த எண்கள், அந்த இடங்களில் ஏதோ ஒரு சத்தம் வரும் என்று மட்டுமே சொல்கின்றன. எவ்வளவு சத்தம், எவ்வளவு சமமாக என்று சொல்வதில்லை. இந்த வரியைப் பார்த்து எதையும் தெரிவு செய்யாதீர்கள்.

சரி, ஓம் எண்டு ஒண்டு இருக்கே, 16, 32 எண்டு? எது வாங்கட்டும்?

பெட்டியில் பார்க்கவேண்டிய எண்கள் இரண்டு: ஓம், டெசிபல். ஓம் என்பது மின்தடையின் அளவு. அது கூடக் கூட, அதே மின்னழுத்தத்தில் ஹெட்போனுக்குள் போகும் சக்தி குறையும். சின்னப் பிளேயர் ஒன்று அரை வோல்ற் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 32 ஓம் ஹெட்போனுக்கு அதில் சுமார் 8 மில்லிவாற் போகும். 300 ஓம் ஹெட்போனுக்கு 1 மில்லிவாற்கூடப் போகாது. ஸ்ரூடியோக்களில் இருக்கும் 250, 300 ஓம் ஹெட்போன்களைச் சின்னப் பிளேயரில் செருகினால் பாட்டு தூரத்தில் ஒலிப்பது இதனால்தான். ஹெட்போன் கூடாதது அல்ல, இணை பிழை.

டெசிபல் என்று போட்டிருப்பது, 1 மில்லிவாற் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது. 3 டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்கு இரட்டிப்புச் சக்தி வேண்டும். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. சின்னப் பிளேயருக்கு 16 முதல் 32 ஓம், 98 டெசிபல் அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டால் சத்தம் போதாமல் போகாது. உதாரணத்துக்கு, சோனியின் மலிவான எம்.டி.ஆர்-இஸட்.எக்ஸ் 110 என்ற காதுமடல் ஹெட்போன் 24 ஓம், 98 டெசிபல். சின்னப் பிளேயருக்கு இலகுவான சுமை. சில நிறுவனங்கள் மில்லிவாற்றுக்குப் பதிலாக 1 வோல்ற்றுக்கு எவ்வளவு டெசிபல் என்று எழுதும். அந்த எண் எப்போதும் பெரிதாகத் தெரியும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது.

விலை கூடின இயர்போன்தான் வாங்கின. ஆனா பேஸே இல்ல, தகரம் தட்டுற மாதிரிக் கேக்குது. ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. இறப்பர் உங்கள் காதை அடைக்கவில்லை. என்னிடம் வரும் "பேஸ் இல்லை" முறைப்பாடுகளில் அதிகமானவை மேசையிலேயே இறப்பரை மாற்றியவுடன் தீர்ந்துவிடுகின்றன. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள்.

பேஸ் என்ற தாழ்ந்த ஒலி காற்றழுத்தத்தால் நிற்பது. காதுக்கும் இறப்பருக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வெளியே போய்விடும். உச்ச ஒலி மட்டும் மிஞ்சும். அதனால் தகரச் சத்தம். நம் பக்கத்துக் கூத்துப் பதிவு ஒன்று இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், வடமோடியோ தென்மோடியோ. மத்தளத்தின் ஒரு முகம் தாழ்ந்து முழங்கும், மறு முகம் கூர்மையாகப் பேசும். கூர்மையான அடி மட்டும் கேட்டு முழக்கம் காணாமல் போனால் அடைப்பு சரியில்லை. இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். முழக்கம் வந்தால் இயர்போன் நல்லது, இறப்பர்தான் பிழை.

மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகுங்கள்; துவாரம் நேராகும். செருகியபின் விட்டால் அது இறுகும். பெரிய அளவு இறப்பரில் தொடங்கி நோகாத அளவுக்கு இறங்கி வாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவு என்று நினைக்கவேண்டாம். இடதுக்கு நடு அளவும் வலதுக்குப் பெரிதும் போடுகிறவர்கள் நிறையப் பேர். எந்த இறப்பரும் நிற்கவில்லை என்றால் பஞ்சு போன்ற நுரை முனை இருக்கிறது: விரலால் நசுக்கிச் செருகினால் உள்ளே விரிந்து அடைக்கும். நம் வியர்வைக்கு அது சீக்கிரம் ஊறிப் பழுதாகும் என்பதையும் சொல்லவேண்டும்.

அப்ப "எக்ஸ்ட்ரா பேஸ்" எண்டு போட்டதை வாங்கினா பிரச்சினை முடிஞ்சுதானே?

அடைப்பு சரியில்லாவிட்டால் அதிலும் பேஸ் வராது. அடைப்பு சரியாக இருந்தால் அது பாட்டையே மூடிவிடும். ஆணின் பேச்சுக்குரலின் அடித்தளம் ஏறத்தாழ 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரை. சொற்களின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் பக்கம். கீழே அளவுக்கு மீறி ஏற்றினால் குரல் பின்னால் போய்விடும். அப்போது சொல் விளங்கவேண்டி மொத்தச் சத்தத்தையும் கூட்டுவீர்கள், காது அடிபடும்.

நீங்கள் கேட்பது பயான், பிரசங்கம், பழைய மெல்லிசை என்றால் பேஸ் குறைந்ததை எடுங்கள். புதிய குத்துப்பாட்டு என்றால் கொஞ்சம் கூடினது பரவாயில்லை. பிளேயரில் ஈக்குவலைசர் (தாழ்ந்த, நடு, உச்ச ஒலிகளைத் தனித்தனிப் பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) இருந்தால் வேண்டியதை ஏற்றாமல் வேண்டாததை இறக்குங்கள். பேஸ் வேண்டுமென்றால் மற்றப் பட்டைகளை மூன்று நாலு டெசிபல் இறக்கிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினால், கரகரப்பு வராமல் அதே பலன் கிடைக்கும்.

கடையில எப்பிடிப் பார்த்து வாங்கிற? அவங்க பெட்டியத் திறக்க விடமாட்டாங்களே.

காசு கொடுக்குமுன் ஒன்றைச் செருகிப் பார்க்கக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. உங்கள் பிளேயரைக் கொண்டுபோங்கள், கடைக்காரரின் போனில் கேட்கவேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றை வையுங்கள். இறப்பர் முனையைத் துடைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள உங்கள் இறப்பரையே கொண்டுபோய் மாட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமப்படுத்துங்கள். கொஞ்சம் உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகத்தான் தோன்றும். அது காதின் இயல்பு. பிறகு பின்னைப் பிளேயரில் வைத்தபடி மெல்லச் சுழற்றுங்கள், வயரை அசையுங்கள். கரகரப்பு, ஒரு பக்கம் போய் வருவது எது நடந்தாலும் அதை வைத்துவிடுங்கள். பில் எழுதி வாங்குங்கள். மாற்றித் தருவது எத்தனை நாளுக்குள் என்று அந்தப் பில்லிலேயே எழுதிக் கேளுங்கள்.

பேர் போன கம்பனிட பேர் போட்டு அரைவாசி விலைக்கு இருக்கு. எடுக்கலாமா?

எடுக்கவேண்டாம். பெயர் பெரிது, விலை சின்னது என்றால் பெயர் பொய். எழுத்து மங்கல், பெட்டியில் எழுத்துப்பிழை, தொடர் எண் இல்லாமை, பின்னின் முலாம் நகத்தால் உரசினாலே போவது: இவையெல்லாம் அடையாளம். போலியில் காசு பெயருக்குத்தான் போகிறது. அதே விலைக்குப் பெயர் கேள்விப்படாத, ஆனால் தன் சொந்தப் பெயரில் விற்கும் இயர்போன் அநேகமாக நன்றாகவே இருக்கும்.

மூண்டு மாசத்துக்கு ஒருக்கா ஒரு பக்கம் செத்துப்போகுது. ஏன் எனக்கு மட்டும் இப்பிடி?

உங்களுக்கு மட்டும் இல்லை. முதலில் செத்ததா, அடைபட்டதா என்று பாருங்கள். சத்தம் முற்றாக இல்லாமல் மெலிந்து கேட்டால், இறப்பரைக் கழற்றி உள்ளே இருக்கும் வலையைப் பாருங்கள். காதுக்குடுமி (காது அழுக்கு) அடைத்திருக்கும். வலையைக் கீழ்நோக்கிப் பிடித்துக் காய்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டி எடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட் எதுவும் உள்ளே போகக்கூடாது. ஊசியால் குத்தவே கூடாது. பிளேயரின் சொக்கெட்டுக்குள்ளும் சட்டைப்பைப் பஞ்சு சேரும், அதனாலும் ஒரு பக்கம் போகும்.

அதுவும் இல்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பின்னின் கழுத்தில், அடுத்ததாக வயர் இரண்டாகப் பிரியும் இடத்தில். பிளேயரைச் சுற்றி வயரை இறுக்கிச் சுருட்டி வைப்பதும், வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றுவதும்தான் காரணம். விரல்களில் தளர்வாகச் சுற்றி வையுங்கள். கழற்றும்போது பின்னைப் பிடியுங்கள்.

அறுந்ததைத் திருத்தலாம். புதிய பின் ஒன்று வாங்கி ஈயம் வைத்தால் சரி. கைவேலை தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு சொல்: உள்ளே இருக்கும் மயிர் போன்ற கம்பிகள் வர்ணம் பூசியவை. சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது என்பது வழக்கம். அந்த வர்ணம் மின்சாரத்தைத் தடுக்கும் பூச்சு. அதைச் சூட்டாலோ சுரண்டியோ எடுக்காமல் ஈயம் வைத்தால் பார்வைக்குப் பிடித்திருக்கும், பாட்டு வராது. வயர் கழரும் வகையில் இந்தச் சிரமமே இல்லை. வயரை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் பாவிக்கலாம். இரண்டு முள்ளால் மாட்டும் வகையில் முள்ளின் தடிப்பு 0.78 மில்லிமீற்றர் என்பது பொதுவானது என்றாலும் சொக்கெட்டின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழைய வயரைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

புளூடூத்தே வாங்கினா வயரே அறாதே அண்ணா?

வயர் அறாது, பற்றரி சாகும். சின்ன இயர்பட் பற்றரிகள் தினமும் பாவித்தால் இரண்டு மூன்று ஆண்டில் பாதியாகத் தளர்ந்துவிடும். பெரும்பாலானவற்றைத் திறந்து மாற்றவும் முடியாது. அதே விலையில் வயர் உள்ளது கூடுதல் தரம் தரும், ஏனென்றால் புளூடூத்தில் காசின் ஒரு பங்கு பற்றரிக்கும் வானொலிச் சில்லுக்கும் (சிப்) போய்விடுகிறது.

முதலில் உங்கள் பிளேயரில் புளூடூத் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பலவற்றில் இல்லை. இருந்தால், எல்டாக் போன்ற, பாட்டை அனுப்பும் உயர்தர முறை (உச்சம் நொடிக்கு 990 கிலோபிட்) இரண்டு பக்கமும் இருந்தால்தான் வேலை செய்யும். இயர்பட் பெட்டியில் மட்டும் அது எழுதியிருந்தால் பயனில்லை, எஸ்.பி.சி என்ற அடிப்படை முறைக்கு இறங்கிவிடும். ஓடும்போது, சைக்கிளில் பாரம் ஏற்றும்போது வயர் இடைஞ்சல் என்றால் புளூடூத் நியாயமானது. பாட்டு கேட்கத்தான் என்றால் வயரை விடாதீர்கள்.

புளூடூத் போட்டா பிளேயர்ல எஃப்.எம் வேலை செய்யுதில்லையே?

வயர்தான் அன்ரனா. எஃப்.எம் அலைவரிசை 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. அங்கே அலை நீளம் சுமார் 3 மீற்றர், அதன் கால் பங்கு 75 சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் சொச்சம் நீளமான இயர்போன் வயர் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. வயரைக் கழற்றினால் பிளேயருக்கு காது இல்லை. தென்றல், சூரியன், சக்தி என்று வானொலி கேட்பவர்கள் வயர் வகையைத்தான் வாங்கவேண்டும். கரகரத்தால் வயரைச் சுருட்டாமல் நேராகத் தொங்கவிடுங்கள், யன்னல் பக்கம் திரும்புங்கள்.

போன்ல நல்லா வேலை செய்யிற ஹேண்ட்ஸ்ஃப்ரீய பிளேயர்ல போட்டா பாடுறவர்ட குரலே காணல்ல, மியூசிக் மட்டும் கேக்குது. பேயா?

மைக் உள்ள பின்னில் நாலு உலோகப் பகுதி, பிளேயரின் சொக்கெட்டில் மூன்றுக்குத்தான் இடம். பொதுக் கம்பி சரியாகத் தொடாவிட்டால் இடது பக்கமும் வலது பக்கமும் ஒன்றிலிருந்து ஒன்று கழிபடும். பாட்டில் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதியப்பட்டிருக்கும்; சமமானது கழிபட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. பக்கவாத்தியம் மட்டும் மிஞ்சும்.

மைக் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் காரணம் இதுதான். பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்தாலும் சில நேரம் வரும். பழைய நொக்கியா காலத்துப் போன்களுக்கான பின்னில் மைக்கும் பொதுவும் இடம் மாறி இருக்கும்; அந்த வகை இப்போதைய போனிலும் இப்படித்தான் படுத்தும். மூன்று உலோகப் பகுதி மட்டும் உள்ள பின்னோடு வரும், மைக் இல்லாத இயர்போன் நிரந்தரத் தீர்வு.

உதயதேவி ரயில்ல கொழும்பு போகேக்க ஒண்டும் கேக்குதில்ல. சத்தம் வராத ஹெட்போன் எவ்வளவு?

சத்தத்தைச் சத்தத்தால் அழிக்கும் மின்னணு வகையின் மலிவுப் பதிப்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. காசு அந்தச் சில்லுக்குப் போய்ப் பாட்டுக்குக் குறைந்துவிடும். பேஸ் கேள்வியில் சொன்ன அடைப்பு இங்கேயும் கை கொடுக்கும். சரியாக அடைத்த இறப்பர் வெளிச்சத்தத்தை நன்றாகக் குறைக்கும். தண்டவாள உறுமல் கொஞ்சம் வரத்தான் செய்யும்.

ரயிலில் வெளிச்சத்தத்தை வெல்ல ஒலியைக் கூட்டுவதுதான் காதுக்கு ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணித்தியாலம்தான். காலையில் மட்டக்களப்பில் ஏறிப் பின்னேரம் கொழும்புக் கோட்டையில் இறங்கும்வரை உரக்கக் கேட்டால் அந்த வாரப் பங்கு ஒரே பயணத்தில் முடிந்துவிடும். அமைதியான அறையில் உங்களுக்குப் போதுமான சத்தத்தை எண்ணால் குறித்துவைத்து, ரயிலில் அதற்கு மேல் அதிகம் போகாதீர்கள். இறங்கிய பின் காதில் கீ என்ற ஒலி இருந்தால் அன்றைக்கு மேலும் கேட்காதீர்கள். கல்லடிப் பாலத்திலும் பிரதான வீதியிலும் நடக்கும்போது இரண்டு காதையும் அடைக்கவே வேண்டாம்.

பத்து வயசு மகனுக்கு ஒண்டு வேணும். சின்ன இறப்பர் போட்டாக் காணாதா?

பிள்ளைக்குக் காதுக்குள் செருகும் வகை வேண்டாம். காதுமடல் மேல் அமரும் மெல்லிய ஹெட்போன் போதும். பிள்ளைகளுக்கு அளவு இன்னும் குறைவு: 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். பிளேயரின் அமைப்பில் உச்சச் சத்தத்தைப் பூட்டும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களிலும் பிளேயர்களிலும் இருக்கிறது. ஒரு முழம் தள்ளி நின்று உங்களுக்கு அந்தப் பாட்டு விளங்கினால் பிள்ளைக்கு அது கூடிப்போய்விட்டது. ஒரே இறப்பரை வீட்டில் எல்லோரும் மாற்றிப் போடுவதையும் நிறுத்துங்கள், காதுப் புண் அப்படியும் பரவும்.

வாப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். ஓதல் கேக்க ஆசை. சத்தம் கூடின ஹெட்போன் சொல்லுங்க.

சத்தம் கூடினதைத் தேடவேண்டாம், தெளிவானதைத் தேடுங்கள். வயதானவர்களுக்கு முதலில் போவது உச்ச ஒலிகள். அதனால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. பேஸ் குறைந்த, காதுமடல் ஹெட்போன் ஒன்றும், ஈக்குவலைசரில் நடுப்பகுதிக்குக் கீழே உள்ளதை இறக்குவதும் உதவும். ஒரு காது மற்றதை விட மந்தம் என்றால் மோனோ அமைப்பைப் போடுங்கள், இரண்டு காதுக்கும் ஒரே ஒலி போகும். அதற்கு முன் வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் காட்டுங்கள். அடைத்த குடுமியை எடுத்தவுடன் நன்றாகக் கேட்டவர்கள் உண்டு.

கச்சான் காத்துக் காலத்தில பெரிய ஹெட்போன் போட்டா வேர்த்து ஊத்துது. மெத்தையும் உரிஞ்சு போச்சு.

நம் வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் செயற்கைத் தோல் மெத்தை நிற்காது. ஈரத்தில் பூச்சு பிரிந்து கறுப்புச் செதிலாக உதிரும். துணி அல்லது நுரை மெத்தை உள்ளதை எடுங்கள். கொஸ் நிறுவனம் 1984இல் கொண்டுவந்த போர்ட்டா புரோ இன்றும் விற்பனையில் இருக்கிறது: வெறும் நுரை மெத்தை, திறந்த கூடு, காற்று போய்வரும். 60 ஓம் என்றாலும் சின்னப் பிளேயரில் பாடும். விலை மேலே சொன்ன காசுக்குள் வராது. அத்தோடு உங்கள் பாட்டு பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். தனி அறைக்குச் சரி, பஸ்ஸுக்குச் சரியில்லை.

எந்த வகை என்றாலும் பாவித்தவுடன் காய்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். மாரி காலத்தில் அந்த டப்பாவுக்குள் புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொதி ஒன்றைப் போடுங்கள். கடலில் குளித்த ஈரக் காதில் இறப்பரைச் செருகாதீர்கள்.

நல்ல இயர்போன் வாங்கியும் சில பாட்டு மட்டும் கலங்கிக் கேக்குது. இயர்போன் பிழையா?

பாட்டுப் பிழை. போனுக்குப் போன் மாறி, வீடியோவிலிருந்து எடுத்து மறுபடி மறுபடி சுருக்கிய எம்பி3 அது. நல்ல இயர்போன் அந்தக் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. நல்ல மூலத்திலிருந்து நேராகச் செய்த 256 அல்லது 320 கிலோபிட் எம்பி3 போதும். 128ஐ 320 ஆக மாற்றினால் கோப்புத்தான் பெருக்கும், இழந்தது வராது. ஃபிளாக் கோப்பில் இழப்பு இல்லை, ஆனால் சின்ன மெமரி கார்ட்டை நிரப்பிவிடும். கசெற்றிலிருந்து கூத்து, பழைய பாட்டுப் பதிவுகளை மாற்றுகிறவர்கள் மட்டும் முதல் பிரதியை இழப்பில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குரல்களை மறுபடி பதிய முடியாது.

ஒரே இயர்போன் போன்ல ஒரு மாதிரி, பிளேயர்ல வேற மாதிரிக் கேக்குது. என்ட காதுதானா?

காது பிழையில்லை. பிளேயரின் வெளியீட்டுக்கும் ஒரு மின்தடை உண்டு. அது ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்கவேண்டும் என்பது பொது விதி. 32 ஓம் என்றால் 4 ஓமுக்குள். மலிவான பிளேயர்கள் சில இதைத் தாண்டும். ஒற்றை ஒலித்தகடு உள்ள சாதாரண இயர்போனில் மின்தடை ஏறத்தாழச் சமமாக இருப்பதால் அதிகம் மாறாது. பல டிரைவர் உள்ள, சமநிலை ஆர்மேச்சர் (வேறு முறையில் வேலை செய்யும் மிகச் சின்ன டிரைவர்) வகைகளில் மின்தடை ஒலிக்கு ஒலி ஏறி இறங்கும். அங்கே பாட்டின் குணமே மாறிவிடும். ஒற்றை ஒலித்தகட்டை முதலில் சிபாரிசு செய்ததற்கு இதுவும் காரணம்.

போன்ல பின் ஓட்டையே இல்ல, டைப்-சிதான். பிளேயர் வாங்கட்டா, இல்ல ஒரு வயர் வாங்கட்டா?

2016இல் ஐபோன் 7 அந்த ஓட்டையை எடுத்ததிலிருந்து இந்தக் கேள்வி வருகிறது. டைப்-சி மாற்றி இரண்டு வகை. உள்ளே சில்லு உள்ளது, போனில் இருந்து எண்களாக வரும் பாட்டை இயர்போனுக்கு ஏற்ற மின்சமிக்ஞையாக மாற்றும். பெரும்பாலான போன்களில் வேலை செய்யும். வெறும் வயர் உள்ளது சில போன்களில் மட்டும்தான். சில்லு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். தனி ஆம்ப் (சக்தியைக் கூட்டிக் கொடுக்கும் கருவி) எதுவும் தேவையில்லை. ஓம் கேள்வியில் சொன்ன அளவுக்குள் இயர்போன் இருந்தால் அதற்குச் செலவழிக்கும் காசு வீண். வீட்டில் சிம் போடாத பழைய போன் பின் ஓட்டையோடு கிடந்தால் அதுவே நல்ல பிளேயர்.

நானும் தங்கச்சியும் ஒரே பிளேயர்ல கேக்க ரெண்டு ஓட்டை வயர் போட்டம். சத்தம் குறைஞ்சு போச்சு, அவட பக்கம் இன்னும் குறைவு.

இரண்டு 32 ஓம் இயர்போனைச் சேர்த்துச் செருகினால் பிளேயருக்கு 16 ஓம் சுமை. சக்தி குறைந்த பிளேயர் அதைத் தாங்காமல் சத்தம் இறங்கும், பற்றரியும் சீக்கிரம் போகும். தங்கச்சியின் பக்கம் இன்னும் குறைவது அவருடைய இயர்போனின் டெசிபல் எண் சின்னது என்பதால். ஒரே மொடல் இரண்டு வாங்கினால் சமமாகும். வேறு வேறு என்றால், உரக்கக் கேட்கும் பக்கத்துக்கு வயரில் சத்தம் குறைக்கும் சுழற்றி உள்ள நீட்டிப்பு வயர் ஒன்றைப் போடுங்கள். அது இல்லாமல் மெலிந்த பக்கத்துக்காகப் பிளேயரை உயர்த்தினால் மற்றவரின் காதுதான் அடி வாங்கும்.